எடைக்குப் போகும் எமுலேட்டர்: பழைய நுண்செயலிக் கருவியைப் படித்தறிந்து ஆவணப்படுத்தும் முழு வழிகாட்டி

"கேபிளை வெட்டி எடுத்துவிட்டால் செம்புக்குத் தனி விலை கிடைக்கும், தம்பி" என்றார் கடைக்காரர். கையில் கத்தரி தயாராக இருந்தது. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு காயலான் கடை. அவர் காலடியில் சாம்பல் நிறத் தகரப் பெட்டி ஒன்று. அதிலிருந்து இரண்டு பட்டைக் கேபிள்கள் புறப்பட்டு, சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் நுழைந்து, மறுபுறம் நாற்பது ஊசிக்கால்கள் கொண்ட ஒரு செருகியாக முடிந்தன. அந்தச் செருகியைப் பார்த்ததுமே பெட்டி இன்னதென்று தெரிந்துவிட்டது. "வெட்டாதீர்கள் அண்ணே, செம்பு விலையையும் சேர்த்தே தருகிறேன்" என்று சொல்லி முழுதாக வாங்கி வந்தேன்.

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ மின்னணுவியல் படித்தவர்கள், 8085 நுண்செயலிப் பயிற்சிப் பலகையில் விசைகளை அழுத்தி நிரல் ஏற்றிய நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். நிரல் எங்கே தடுமாறுகிறது என்று அந்தப் பலகையிலேயே நிறுத்திப் பார்க்க முடியும். ஆனால் ஒரு தொழிற்சாலைக்கென்று புதிதாக வடிவமைத்த பலகையில் விசைப்பலகையும் இருக்காது, காட்சித்திரையும் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இன்-சர்க்யூட் எமுலேட்டர். பலகையில் உள்ள நுண்செயலியைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் எமுலேட்டரின் செருகியைச் செருக வேண்டும். தன் சொந்த நுண்செயலியே இருக்கிறது என்று பலகை நம்பும். உண்மையில் ஒவ்வொரு முகவரியும் ஒவ்வொரு பைட்டும் அந்தக் கேபிள் வழியாகப் பெட்டிக்குள் போய் வரும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், நுண்செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவிடங்களைப் பார்க்கலாம், நிற்பதற்கு முன் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் படிக்கலாம். இன்டெல் நிறுவனம் 1975-இல் 8080-க்காக ஐசிஇ-80 என்ற கருவியைக் கொண்டுவந்தது. டெக்ட்ரானிக்ஸ் 8002, 1979-இல் வந்த ஹியூலெட்-பேக்கர்டின் 64000 ஆகியவை அதே வழியில் வந்தவை. இவற்றைத் தவிர, சிறு நிறுவனங்கள் பல, தத்தம் வழியில் நூற்றுக்கணக்கான சிப்புகளை அடுக்கி இத்தகைய பெட்டிகளைச் செய்தன. பெரிய நிறுவனக் கருவிகளின் கையேடுகள் பல, பிட்சேவர்ஸ் போன்ற இணையக் காப்பகங்களில் கிடைக்கின்றன. சிறு நிறுவனப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பெட்டியே கையேடு. அதைப் படித்து எழுதி வைக்காவிட்டால், அந்த வடிவமைப்பாளர்களின் மூளை உழைப்பு பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும்.

கீழே உள்ளது என்னிடம் உள்ள 8085 எமுலேட்டரை வைத்து எழுதியது. இசட்80, 8031, 6502 எதுவானாலும் முறை இதுவே. கால் எண்கள் மட்டும் மாறும்.

படி 1: தொடுவதற்கு முன் எழுதுவது

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கருதியது" என்று தலைப்பிடுங்கள். இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் ஒழுக்கம் இதுதான். "இந்தச் சிப்பின் மேல் 74எல்எஸ்245 என்று அச்சாகியிருக்கிறது" என்பது கண்டது. "இது தரவுக் கம்பிகளுக்கான இடைத்தாங்கியாக (பஃபர்) இருக்கலாம்" என்பது கருதியது. மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகே ஒன்று வலமிருந்து இடத்துக்கு நகர வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடி பதிப்பிப்பவர்கள் செல்லரித்த இடத்தில் தாமாக ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிட மாட்டார்கள். எழுத்து சிதைந்தது என்று குறிப்பார்கள், ஊகத்தைத் தனியே அடிக்குறிப்பில் தருவார்கள். சிப்புகளைப் படிப்பதற்கும் அதே பொறுமை வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு எந்த முனையில் இருக்கிறது, எந்தப் பலகை எந்தத் துளையில் இருக்கிறது, சிறு ஜம்பர்களும் சுவிட்சுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பவை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெட்டியில் இரண்டு பட்டைக் கேபிள்களை அடையாளமிடாமல் கழற்றிவிட்டேன். இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் திசை காட்டும் பள்ளம் கிடையாது. எது எங்கே என்று கண்டறிய மூன்று வாரம் பிடித்தது.

பிறகு ஒவ்வொரு சிப்பின் எண்ணையும் தேதிக் குறியையும் எழுதுங்கள். 8423 என்றால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பலகையில் உள்ளவற்றில் மிகப் பிந்திய தேதியைப் பார்த்தால், பெட்டி அதற்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்று தெரியும். ஒரு சிப் மட்டும் மற்றவற்றைவிட மூன்று நான்கு ஆண்டுகள் பிந்தியதாக இருந்தால், அது பழுது பார்த்தபோது மாற்றப்பட்டது என்று கருதலாம். வலப்பக்கத்தில்தான்.

படி 2: உப்பையும் ஈரத்தையும் நீக்குவது

தேவனாம்பட்டினத்தில் என் வீட்டுக் கதவுக் கீல்களைப் பார்த்தாலே இந்தப் படி ஏன் தேவை என்று புரியும். கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் கிடந்த எந்தக் கருவியிலும் உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்; ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மாசிக்குப் பிறகு காற்று சற்று உலர்ந்ததும் தொடங்குங்கள்.

முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, சாக்கெட் சாக்கெட்டாகத் துடையுங்கள். உப்புப் படிவு ஆல்கஹாலில் நன்றாகக் கரையாது. அதற்குக் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, உடனே ஆல்கஹாலால் ஈரத்தை விரட்ட வேண்டும். பலகையில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் அதை இன்றே வெட்டி எடுங்கள். அதிலிருந்து கசியும் காரம் பலகையின் தடங்களை உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த இடத்தில் நீர்த்த வெள்ளை வினிகரைத் தொட்டால் காரம் முறியும்; பின் நீரால் கழுவி உலர்த்துங்கள். செருகியின் ஊசிக்கால்களைக் கறுப்பு நுரைப் பஞ்சில் குத்தி வைத்திருந்தால், அந்தப் பஞ்சு பிசுபிசுத்துக் கால்களை அரித்திருக்கும். மெதுவாகப் பிடுங்குங்கள். ஒரு கால் ஒடிந்தாலும் மாற்றுச் செருகி எளிதில் கிடைக்காது.

படி 3: ஈப்ராம்களைப் படித்தெடுப்பது

மொத்த வேலையில் மிகவும் அவசரமானது இதுதான். மற்ற பாகங்கள் பழுதானால் மாற்றலாம். ஈப்ராமில் உள்ள நிரல் அழிந்தால் அது அழிந்ததுதான். ஈப்ராம் என்பது மின்சாரம் போனாலும் நிரலை மறக்காத நினைவகச் சிப். அதன் மேல் கண்ணாடிச் சாளரம் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே இருப்பது அழியும். நேரடி வெயில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், அறையின் குழல்விளக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளிலும் அழித்துவிடக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களே எச்சரிக்கின்றன. எனவே சாளரத்தின் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்காதீர்கள். அதில் பதிப்பு எண் எழுதியிருக்கும், அதுவும் ஆவணம். தாள் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் அலுமினிய ஒட்டுத்தாளால் மூடுங்கள்.

2716 இரண்டு கிலோபைட், 2732 நான்கு, 2764 எட்டு. இன்று கிடைக்கும் மலிவான யூஎஸ்பி படிப்பான்கள் 2764 வகையை எளிதாகப் படிக்கும். மிகப் பழைய 2708 மட்டும் வேறு சாதி. அதற்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். −5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716 இன்னொரு பொறி: எண்ணில் 2716 இருந்தாலும் அதுவும் மூன்று மின்னழுத்தம் கேட்பது. சாதாரண 2716 என்று எண்ணிப் படிப்பானில் வைத்துவிடாதீர்கள். எந்தச் சிப்பானாலும் படிப்பானின் மென்பொருளில் "எழுது" பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போகவே கூடாது.

ஒவ்வொரு சிப்பையும் குறைந்தது மூன்று முறை படியுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி, கால்களைத் துடைத்து, மீண்டும் வையுங்கள். மூன்று கோப்புகளுக்கும் ஷா-256 கையொப்பம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் அடையாள எண்) கணக்கிட்டு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் அடுத்த சிப்புக்குப் போகலாம். வேறுபட்டால்தான் உண்மையான வேலை.

எனக்கு அப்படி ஒரு சிப் வாய்த்தது. நான்கு 2764-களில் மூன்றாவது. ஐந்து முறை படித்ததில் ஓர் இடத்தில் மட்டும், பதினாறடி எண்ணில், மூன்று முறை சி7 என்றும் இரண்டு முறை சி3 என்றும் வந்தது. பெரும்பான்மைக்கு வாக்களித்திருந்தால் சி7 வென்றிருக்கும். ஆனால் இரண்டையும் இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: சி3 என்பது 11000011, சி7 என்பது 11000111. ஒரே ஒரு பிட் வேறுபாடு. அது 0-விலிருந்து 1-ஆக மாறியிருக்கிறது. ஈப்ராமில் எழுதாத நிலை 1. எழுதும்போது மின்னூட்டம் ஏற்றி 0 ஆக்குகிறார்கள். நாற்பது ஆண்டுகளில் மின்னூட்டம் கசிந்தால் 0 தான் 1-ஆக நழுவும். 1 தானாக 0 ஆவது மிக அரிது. ஆகவே சி3-தான் மூலப்பாடமாக இருக்க வேண்டும் என்று கருதினேன். 8085 மொழியில் சி3 என்றால் "அந்த முகவரிக்குத் தாவு". சி7 என்றால் "பூஜ்ஜியத்துக்குப் போ". அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். மூன்று பைட்டுக்கு ஒரு முறை சி3, சி3 என்று வரிசையாக ஒரு தாவல் அட்டவணை! சந்தேகத்துக்குரிய பைட்டை அடுத்த இரண்டு பைட்டுகளும் அதே நிரலுக்குள் ஒரு சரியான இடத்தைச் சுட்டின. பிறகு சிப்புக்கு 5 வோல்ட்டுக்குப் பதில் 4.5 வோல்ட் கொடுத்துப் படித்தேன். மின்னழுத்தம் குறைந்தால் அரைகுறையாகக் கசிந்த செல்கள் பல நேரம் 0 என்றே சரியாகப் படிக்கப்படும். பத்து முறையும் சி3 வந்தது. அப்போதுதான் அதை இடப்பக்கத்தில் எழுதினேன். சி7 என்று வந்த படிப்புகளையும் நான் அழிக்கவில்லை; பாடபேதமாகக் கோப்புறையில் தனியே இருக்கின்றன.

படி 4: சிறு புராம்களும் பிஏஎல் சிப்புகளும்

பலகையில் பதினாறு அல்லது இருபது கால்களோடு, கையால் எழுதிய சீட்டு ஒட்டிய சிப்புகள் சில இருக்கும். 82எஸ்123, 82எஸ்129 போன்றவை உருகுகம்பி புராம்கள், அதாவது ஒரே ஒரு முறை எழுதக்கூடிய சிறு நினைவகங்கள். முகவரிக் கால்களில் எல்லாச் சேர்க்கைகளையும் கொடுத்து வெளியீட்டைக் குறித்தால் முடிந்தது: முன்னது 32 பைட், பின்னது 256 அரைபைட்.

பிஏஎல்16எல்8 என்ற, தேவைக்கேற்ப அமைக்கக்கூடிய தர்க்கச் சிப் சற்று கடினம். அதன் பாதுகாப்பு உருகுகம்பி எரிக்கப்பட்டிருந்தால் படிப்பான் எதையும் காட்டாது. ஆனால் அதற்குள் நினைவகம் இல்லை, வெறும் தர்க்கம் மட்டுமே. பத்து உள்ளீடுகள், இருவழியாகப் பயன்படக்கூடிய ஆறு கால்கள். அதிகபட்சம் பதினாறு உள்ளீடுகள், அதாவது 65,536 சேர்க்கைகள். ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை வைத்துச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்கலாம். இருவழிக் கால்களை நேராகத் தள்ளாதீர்கள்; உங்கள் மைக்ரோகன்ட்ரோலரும் சிப்பும் ஒரே கம்பியில் எதிரெதிராக இழுக்கும். இடையில் ஒரு கிலோ ஓம் மின்தடை போடுங்கள். ஒரு வெளியீடு 1-ஆ, 0-வா, அல்லது இரண்டையும் தராமல் விலகி நிற்கிறதா என்பதை அறிய, ஒரு முறை மேலே இழுக்கும் மின்தடையோடும் ஒரு முறை கீழே இழுக்கும் மின்தடையோடும் படியுங்கள். இரண்டிலும் மாறினால் அந்தக் கால் விலகி நிற்கிறது. 16ஆர்8 போன்ற ரெஜிஸ்டர் வகைகளில் முந்தைய நிலையும் சேரும் என்பதால் இந்த எளிய வழி போதாது. அவற்றை ஓடும் பலகையிலேயே கவனித்து அறிவது நல்லது.

படி 5: மின்வழங்கி

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஈப்ராம்கள் பத்திரமான பிறகுதான் மின்சாரம்.

மின்வழங்கியைப் பலகைகளிலிருந்து பிரித்துத் தனியே சோதியுங்கள். சுவிட்ச் வகை மின்வழங்கியில் 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகி ஏறக்குறைய 325 வோல்ட்டில் தேங்கி நிற்கும். சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். அனுபவமில்லாதவர்கள் அதைத் திறக்காமல், கட்டுப்படுத்திய மின்னோட்டம் தரும் மேசை மின்வழங்கியைப் பயன்படுத்துவதே சரி. மஞ்சள் நிறத்தில் விரிசல் விட்ட காகித மின்தேக்கிகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். புகைந்து வீட்டையே நாறடிக்கும். பலகைகளில் துளித்துளியாக இருக்கும் டான்டலம் மின்தேக்கிகள் குறுக்குச்சுற்றாகும் பழக்கம் உள்ளவை. முதல் பெட்டியில் அவற்றை மீட்டரால் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தேன். ஒன்று தீப்பற்றிப் பலகையில் ஓட்டை விழுந்தது. இப்போது ஒவ்வொரு மின்கம்பிக்கும் நிலத்துக்கும் (பலகையின் 0 வோல்ட் கம்பி) இடையே மின்தடை அளந்து எழுதிய பிறகே கை சுவிட்சுக்குப் போகிறது. 5 வோல்ட் கம்பி 4.75-க்கும் 5.25-க்கும் இடையே இருக்க வேண்டும். முதல் முறை எந்த இலக்குப் பலகையிலும் (எமுலேட்டர் சோதிக்க வேண்டிய பலகை) செருகாதீர்கள்.

படி 6: சுற்றுப்படம் வரைவது

எங்கே தொடங்குவது என்று பலர் மலைப்பார்கள். செருகியில் தொடங்குங்கள். அதன் நாற்பது கால்களும் என்னவென்று உலகுக்கே தெரியும். 8085-இல் 12 முதல் 19 வரை தரவும் கீழ் முகவரியும் பகிர்ந்துகொள்ளும் கால்கள், 21 முதல் 28 வரை மேல் முகவரி, 30 ஏஎல்இ (பகிர்ந்த கால்களில் இப்போது முகவரி இருக்கிறது என்று சொல்லும் கால்), 31 எழுது, 32 படி, 34 நினைவகமா உள்ளீட்டுக் கருவியா என்று சொல்லும் கால், 35 ரெடி (நினைவகம் தயார் என்று நுண்செயலிக்குச் சொல்லும் கால்), 20 நிலம், 40 ஐந்து வோல்ட். தெரிந்த கரையிலிருந்து தெரியாத ஆழத்துக்குப் போவதுபோல், ஒவ்வொரு காலிலும் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைச் சிறு பெட்டிக்குள் உள்ள சிப்புகளின் மேல் ஓட்டுங்கள். பீப் என்று ஒலித்ததைக் கிகேட் மென்பொருளில் வரையுங்கள். பலகையின் இரு பக்கங்களையும் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மேலே பொருத்தினால் தடங்கள் சிப்புகளின் அடியில் எப்படி ஓடுகின்றன என்று கண்ணுக்குத் தெரியும்.

எமுலேட்டருக்குள் சில உறுப்புகள் கட்டாயம் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் வேலை பாதியாகும். முகவரிக் கம்பிகளின் மேல் நான்கோ ஆறோ மட்டும் ஒரு சிறு வேகமான ராமுக்குப் போனால், அது நினைவக வரைபடம். எந்தப் பகுதி பெட்டியின் சொந்த ராமிலிருந்து வர வேண்டும், எந்தப் பகுதி இலக்குப் பலகையிலிருந்து, எதில் எழுதக் கூடாது என்பதை அது தீர்மானிக்கிறது. என் பெட்டியில் அதற்கு ஒரு 74எல்எஸ்189 இருந்தது: பதினாறு இடம், இடத்துக்கு நான்கு பிட். 64 கிலோபைட்டைப் பதினாறாகப் பிரித்தால் துண்டுக்கு 4 கிலோபைட். அந்தச் சிப்பின் வெளியீடு தலைகீழாக வரும் என்பதை மறந்து இரண்டு நாள் குழம்பினேன். எல்லா முகவரிக் கம்பிகளும் 74எல்எஸ்85 அல்லது 74எல்எஸ்688 வரிசைக்குப் போனால் அது நிறுத்தப்புள்ளி ஒப்பீட்டான். முகவரி, தரவு, நிலை மூன்றும் ஒரு ராம் வரிசையின் தரவுக் கால்களுக்குப் போய், அந்த ராமின் முகவரிக் கால்களை 74எல்எஸ்161 போன்ற எண்ணிகள் இயக்கினால், அதுதான் நடந்ததைப் பதிவுசெய்யும் நினைவகம். வரிசையின் அகலத்தை எண்ணினால் ஒரு சுழற்சிக்கு எத்தனை பிட் பதிவாகிறது என்றும், எண்ணிகளின் நீளத்தை எண்ணினால் எத்தனை சுழற்சிகள் பின்னோக்கிப் பார்க்கலாம் என்றும் கையேடு இல்லாமலே எழுதிவிடலாம்.

படி 7: நிரலைப் பிரித்துப் படிப்பது

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் இலவசமாக வெளியிட்ட கித்ரா மென்பொருள் 8085, இசட்80, 8051 மூன்றையும் படிக்கும். ஈப்ராம் கோப்புகளைச் சரியான முகவரியில் ஏற்றுவதற்குச் சுற்றுப்படம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் படி 6 முதலில்.

முதலில் எழுத்துச் சரங்களைத் தேடுங்கள். பிழைச் செய்திகள், கட்டளைப் பெயர்கள், பதிப்பு எண் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு செய்தியையும் எந்தத் துணைநிரல் அச்சிடுகிறது என்று பின்தொடர்ந்தால் அந்தத் துணைநிரலின் வேலை தெரிந்துவிடும். அடுத்து உள்ளீட்டு, வெளியீட்டுக் கட்டளைகளை எல்லாம் பட்டியலிட்டு, எண் எண்ணாகச் சுற்றுப்படத்தோடு பொருத்துங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு நுண்செயலிகள் இருக்கும். ஒன்று கட்டளை வாங்கும் எஜமான். மற்றொன்று இலக்குப் பலகைக்காக ஓடுவது. ஈப்ராமில் எஜமானின் நிரலுக்கு நடுவே, எங்கிருந்தும் அழைக்கப்படாத சில பத்துப் பைட்டுகள் தென்படும். தரவு என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அவை இரண்டாவது நுண்செயலிக்கு ஊட்டப்படும் நிரல்துண்டாக இருக்கலாம். நிறுத்தப்புள்ளி வந்ததும் அந்த நுண்செயலியை வழிமாற்றி, அதன் ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக வெளியே எழுத வைப்பது அந்தத் துண்டுதான். வழிமாற்றும் முறை பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். சில வடிவமைப்புகள் தரவுக் கம்பிகளில் வலுக்கட்டாயமாக ஒரு கட்டளையைத் திணிக்கின்றன. சில, மறுக்க முடியாத குறுக்கீட்டைப் பயன்படுத்துகின்றன; 8085-இல் டிராப் குறுக்கீடு 24 என்ற பதினாறடி எண் முகவரிக்கும், இசட்80-இல் என்எம்ஐ 66-க்கும் தாவும். அப்படித் தாவும்போது நுண்செயலி திரும்பும் முகவரியை ராமில் உள்ள அடுக்கில் (ஸ்டாக்) இரண்டு பைட்டுகளாக எழுதும். இலக்குப் பலகையின் ராம் கலையாமலிருக்க அந்த இரண்டு எழுதல்களையும் பெட்டி இடைமறிக்க வேண்டும். எழுதும் கம்பி எந்தத் தர்க்கவாயில் வழியே தடுக்கப்படுகிறது என்று படத்தில் கண்டுபிடித்தபோது, அதை வரைந்த கையை நேரில் பார்த்ததுபோல் இருந்தது.

படி 8: ஓடவிட்டு ஒப்பிடுவது

செருகியை நேரே மதிப்புள்ள பலகையில் வைக்காமல், பழைய 8085 பயிற்சிப் பலகையில் வையுங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பொறுமையாகத் தேடினால் உதிரிப் பாகங்களாவது கிடைக்கும்.

முதல் சோதனைக்கு வெறும் சாக்கெட் போதும். தரவுக் கால்கள் எட்டையும் தனித்தனி மின்தடை வழியே நிலத்துக்கு இழுங்கள். நேராக இணைக்கக் கூடாது, ஏனென்றால் அதே கால்களில்தான் கீழ் முகவரியும் வெளிவருகிறது. நுண்செயலி எதைப் படித்தாலும் 00, அதாவது "ஒன்றும் செய்யாதே" என்ற கட்டளை கிடைக்கும். முகவரி ஒன்றொன்றாக ஏறிக்கொண்டே போகும். 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம் என்றால் உள்ளே 3.072, ஒரு கட்டளைக்கு நான்கு துடிப்பு, 65,536 முகவரிகளையும் சுற்றிவர ஏறக்குறைய 85 மில்லிவினாடி. ஆகவே 28-ஆம் காலில், அதாவது ஏ15-இல், நொடிக்கு ஏறக்குறைய 11.7 சுழற்சி தெரிய வேண்டும். தெரிந்தால் கேபிளும் இடைத்தாங்கிகளும் உயிரோடு இருக்கின்றன. ஒரு முகவரிக் கால் மட்டும் அசையவில்லை என்றால் அந்தக் கம்பியைத் தேடுங்கள்.

எட்டுத் தடம் கொண்ட மலிவான லாஜிக் அனலைசர் முழுப் படத்தைக் காட்டாது. ஆனால் ஏஎல்இ, படி, எழுது, சுழற்சியின் வகையைச் சொல்லும் எஸ்0, எஸ்1, நினைவகக் கால் என ஆறையும் பிடித்தால், எந்தச் சுழற்சி கட்டளை எடுப்பது, எது தரவு படிப்பது என்று பிரித்துவிடலாம்: நினைவகச் சுழற்சியில் எஸ்0, எஸ்1 இரண்டும் 1 என்றால் கட்டளை எடுப்பது. கணினியோடு பேசும் ஆர்எஸ்-232 கம்பியையும் அப்போதே பதிவுசெய்து, ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன பதில் வருகிறது என்று எழுதுங்கள்.

படி 9: சேமிப்பும் பகிர்வும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதும், 2015-இல் வெள்ளம் சூழ்ந்ததும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்ததும் இந்தக் கரையோர மக்களுக்கு மறக்காது. ஒரே வீட்டில் ஒரே வன்தட்டில் வைத்தது பாதுகாப்பு ஆகாது. ஒரு நகல் இணையத்தில், ஒரு நகல் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில், சுற்றுப்படம் மட்டும் தாளில் அச்சிட்டு மேல் பரணில். கோப்புகளோடு ஷா-256 கையொப்பங்கள், பெட்டியின் படங்கள், நோட்டுப் புத்தகத்தின் ஸ்கேன் எல்லாம் சேர வேண்டும்.

நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 1999 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிய அதைக் கவனித்து ஆராய்ந்து சோதிப்பதற்கு இடம் தருகிறது. ஆராய்வதும் மூல நிரலை அப்படியே நகலெடுத்துப் பரப்புவதும் ஒன்றல்ல. நீங்கள் வரைந்த படம், நீங்கள் எழுதிய விளக்கம் ஆகியவற்றைத் தயங்காமல் வெளியிடுங்கள்; ஈப்ராம் கோப்புகளைப் பொறுத்தவரை உரிமையாளர் யாரென்று தேடிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 10: பெட்டியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுப்பது

இதைத் தவிர்க்காதீர்கள். என் ஆவணத்தை நெய்வேலியில் உள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்து இன்னொரு பெட்டி செய்ய முடியுமா, பாருங்கள்" என்றேன். இரண்டு நாளில் தொலைபேசியில் அழைத்தார். "முப்பத்தைந்தாம் கால் எங்கே போகிறது?" என்று கேட்டார். இலக்குப் பலகையின் ரெடி கம்பி நேரே நுண்செயலிக்குப் போவதாக வரைந்திருந்தேன். "அப்படியானால் பெட்டியின் சொந்த ராமிலிருந்து நிரல் ஓடும்போது, இலக்குப் பலகை ரெடியைக் கீழேயே பிடித்திருந்தால் எல்லாம் உறைந்துவிடுமே. வடிவமைத்தவர் அதை யோசிக்காமலா விட்டிருப்பார்?" என்றார்.

அன்றிரவே பெட்டியை மீண்டும் திறந்தேன். 35-ஆம் காலிலிருந்து புறப்படும் தடம், ஒரு சாக்கெட்டின் அடியில் புகுந்து, மறுபுறம் வருவதுபோல் இருந்தது. சாக்கெட்டில் இருந்த 74எல்எஸ்32-ஐக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் தடம் நடுவிலேயே நின்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு வாயிலின் ஒரு கால் இலக்கின் ரெடி, மறுகால் 74எல்எஸ்189-இலிருந்து வரும் "சொந்த நினைவகம்" என்ற குறிப்பு. இரண்டில் எது 1 ஆனாலும் நுண்செயலிக்கு ரெடி. படத்தைத் திருத்தினேன். நோட்டுப் புத்தகத்தில் வலப்பக்கத்து வரியை அடித்துவிட்டு, இடப்பக்கத்தில் தேதியோடு எழுதினேன்.